வயலில் விளையும் எரிபொருள்: எத்தனால், பயோடீசல், சாண எரிவாயு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ராசிபுரம் பக்கம். வீட்டில் இரண்டு ஏக்கர் மக்காச்சோளம், பதினொரு வருடப் பழைய பைக் ஒன்று, கோழிப்பண்ணை வைத்திருக்கும் மச்சான் ஒருவர். ஆகவே பெட்ரோலில் எத்தனால் கலக்கும் இந்த விவகாரத்தில் பங்க்கில் நின்றாலும் பேச்சு, களத்தில் நின்றாலும் பேச்சு, விருந்துக்குப் போனாலும் பேச்சு. கேட்டவர்களுக்கு அவ்வப்போது சொன்ன பதில்களைச் சேர்த்து, கணக்குகளைச் சரிபார்த்து, இங்கே எழுதியிருக்கிறேன்.

உயிரி எரிபொருள் என்றால் எதெது?

வண்டிக்கு ஊற்றுவது என்று பார்த்தால் மூன்றுதான். சர்க்கரையையோ மாவுச்சத்தையோ ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்துக் காய்ச்சி எடுப்பது எத்தனால். சாராயம் காய்ச்சும் அதே வேலைதான், பெரிய அளவில், தண்ணீர் கிட்டத்தட்ட முழுக்கப் போகும்வரை செய்கிறார்கள். இது பெட்ரோல் வண்டிக்கு. எண்ணெய் வித்திலிருந்தோ பாமாயிலிலிருந்தோ பழைய சமையல் எண்ணெயிலிருந்தோ செய்வது பயோடீசல், டீசல் வண்டிக்கு. சாணம், பயிர்க் கழிவு, புல் இவற்றைக் காற்றுப் படாமல் மக்கவைத்தால் வருவது சாண எரிவாயு. அதைச் சுத்தம் செய்து அழுத்தி அடைத்தால் சி.என்.ஜி. வண்டியில் அப்படியே போடலாம். அதற்கு சி.பி.ஜி. என்று பெயர்.

இப்போது நாம் போடுவது இ20 தானா? இது எப்போது வந்தது?

ஆமாம். நூறு லிட்டரில் 20 லிட்டர் எத்தனால், மீதி பெட்ரோல். திடீரென்று வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் இந்தியாவில் எத்தனால் கலப்பு 2003 ஜனவரியிலேயே 5 சதவீதத்துடன் தொடங்கிவிட்டது. பத்து வருடம் அது பேருக்குத்தான் ஓடியது. 2013-14இல் சராசரி கலப்பு ஒன்றரை சதவீதம். அதன் பிறகுதான் வேகம். 2022 ஜூனில் 10 சதவீதம், 2025இல் 20 சதவீதம். முதலில் 2030 என்று வைத்திருந்த இலக்கை ஐந்து வருடம் முன்னுக்கு இழுத்துவிட்டார்கள். அந்த அவசரம்தான் பல கோபங்களுக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

பாட்டிலில் பெட்ரோலும் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கினால் தண்ணீர் அதிகமாகிறதே, பங்க்கில் ஏமாற்றுகிறார்களா?

இதை நானே ஒரு மெக்கானிக் கடையில் செய்து பார்த்தேன். கோடு போட்ட கண்ணாடி பாட்டிலில் 100 மில்லி பெட்ரோல், அதில் 10 மில்லி தண்ணீர். மூடிக் குலுக்கி வைத்தோம். ஐந்து நிமிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. மேலே பெட்ரோல், அடியில் தெளிவாக வேறொரு அடுக்கு. ஊற்றிய தண்ணீர் 10 மில்லிதான். அடியில் நிற்பதோ கிட்டத்தட்ட 30. பக்கத்தில் நின்றவர் உடனே, "பாருங்க, பெட்ரோல்ல பாதி தண்ணி" என்றார்.

அது தண்ணீர் அல்ல. எத்தனாலுக்குப் பெட்ரோலைவிடத் தண்ணீரைத்தான் பிடிக்கும். தண்ணீர் வந்ததும் பெட்ரோலை விட்டுவிட்டு அதனுடன் போய்ச் சேர்ந்துகொள்கிறது. 10 மில்லி தண்ணீரும் 20 மில்லி எத்தனாலும் சேர்ந்தால் 30. அதாவது அந்தச் சோதனை பங்க்காரர் சரியாகத்தான் கலந்திருக்கிறார் என்று காட்டுகிறது! 40, 50 என்று ஏறினால்தான் சந்தேகப்பட வேண்டும். வீட்டில் செய்வதானால் வெளியில், நெருப்பு எதுவும் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

மைலேஜ் குறைகிறதா இல்லையா?

குறையத்தான் செய்யும். இல்லவே இல்லை என்று சொல்பவரும் தப்பு, பாதியாகிவிட்டது என்பவரும் தப்பு.

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல், எத்தனாலில் சுமார் 21. மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியென்றால் இ20 லிட்டரில் சுத்தப் பெட்ரோலைவிட 7 சதவீதம் போல ஆற்றல் குறைவு. ஆனால் நாம் 2022லிருந்தே இ10 தான் போட்டுக்கொண்டிருந்தோம். அதிலிருந்து இ20க்கு மாறியதில் இறக்கம் மூன்றரை சதவீதம்தான். 50 கொடுத்த பைக் 48 கொடுக்கும். இ20க்கென்றே வடிவமைத்த புது எஞ்சினில் இன்னும் குறைவாகத் தெரியும், ஏனென்றால் எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம் (எஞ்சினில் தட்டாமல் எரியும் தன்மையைக் காட்டும் எண் அது). பழைய பெட்ரோலுக்கு 91, இ20க்கு 95. அந்த ஆக்டேனைப் பயன்படுத்திக்கொள்ளும்படி எஞ்சினின் அழுத்த விகிதத்தைக் கூட்டினால் இழந்ததில் கொஞ்சம் திரும்பி வரும். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையும் பழைய கார்களுக்கு 6-7 சதவீதம், இ10க்காகச் செய்து இ20க்கு ட்யூன் செய்த கார்களுக்கு 1-2 சதவீதம் என்றே சொன்னது.

35 தான் வருகிறது என்றால் டயர் காற்று, ஏர் ஃபில்டர், கிளட்ச் இவற்றைப் பார்க்காமல் எத்தனாலைத் திட்டிப் பயனில்லை.

என் பழைய பைக் கெட்டுப்போகுமா?

தினமும் ஓட்டினால் பெரிதாகப் பயப்பட வேண்டாம். நிறுத்திவைத்தால்தான் வினை.

என் பைக்கைப் போன ஐப்பசி மழையில் ஒன்றரை மாதம் கொட்டகையில் விட்டுவிட்டேன். டேங்கில் கால்வாசி பெட்ரோல். திரும்பி வந்து கிக்கரை எத்தனை முறை உதைத்தாலும் உயிர் வரவில்லை. கார்புரேட்டரைக் கழற்றினால் கிண்ணத்தின் அடியில் வெள்ளையாகப் பூத்த பொடி, மிதவை ஊசியின் ரப்பர் நுனி உப்பி இறுகிக் கிடந்தது. மெக்கானிக் புது ரப்பர் மாற்றினார், டேங்கைக் கழுவினார், 600 ரூபாய் போயிற்று. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டேங்கில் பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் இருந்தால் இன்னும் வசதி. லிட்டருக்கு ஓரிரு டீஸ்பூன் தண்ணீர் சேர்ந்தாலே பாட்டிலில் நடந்தது டேங்கின் அடியில் நடக்கும். அப்புறம் துரு, அலுமினிய அரிப்பு எல்லாம் வரிசையாக வரும்.

ஆகவே: நீண்ட நாள் நிறுத்துவதானால் டேங்கை நிரப்பி வையுங்கள், அல்லது முழுக்கக் காலி செய்யுங்கள். ரப்பர் ஹோஸ், வாஷர்களை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இவை ஏற்கெனவே மாற்றப்பட்டிருக்கும்.

எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைக்குமா என்றும் கேட்கிறார்கள். சில நகரங்களில் 100 ஆக்டேன் பெட்ரோல் அப்படிக் கிடைக்கிறது. லிட்டர் 150 ரூபாய்க்கு மேல்.

எத்தனால் என்றால் சாராயம்தானே, குடிக்க முடியுமா?

கூடாது. எரிபொருள் எத்தனாலில் குடிக்க முடியாதபடி வேறு ரசாயனம் கலந்துதான் ஆலையிலிருந்தே அனுப்புகிறார்கள். அதோடு பேர்க் குழப்பம் ஒன்று: எத்தனால் வேறு, மெத்தனால் வேறு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது மெத்தனால். அது சில வாய் உள்ளே போனாலே கண்ணையும் உயிரையும் எடுத்துவிடும். பயோடீசல் செய்யவும் மெத்தனால்தான் தேவை. "வீட்டிலேயே பயோடீசல் செய்யலாம்" என்ற வீடியோக்களைக் கண்டால் நான் பதறுவது இதனால்தான்.

நம் ஊர் சரக்கைக் கலந்தும் பெட்ரோல் விலை ஏன் குறையவில்லை?

ஏனென்றால் எத்தனால் மலிவு அல்ல. எண்ணெய் நிறுவனங்கள் 2024-25இல் கொடுத்த விலை, கடைசிக் கழிவுப் பாகிலிருந்து வந்தால் லிட்டர் 57.97 ரூபாய், கரும்புச் சாற்றிலிருந்து வந்தால் 65.61, மக்காச்சோளத்திலிருந்து வந்தால் 71.86. இதற்கு மேல் வரியும் வண்டி வாடகையும். ஆலையிலிருந்து வெளியே வரும் பெட்ரோலின் வரிக்கு முந்தைய விலையைவிட அப்போது இது அதிகம். மிச்சமாவது கச்சா எண்ணெய்க்குப் போகும் டாலர். அது நாட்டுக்கு லாபம், விவசாயிக்குக் கொஞ்சம் லாபம், பங்க்கில் நிற்பவருக்கு ஒன்றுமில்லை. இதை நேராகச் சொல்லியிருந்தால் ஜனங்கள் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு டன் கரும்பில் எவ்வளவு எத்தனால் வரும்?

எந்த இடத்தில் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சாற்றை நேராகப் புளிக்கவைத்தால் டன்னுக்குச் சுமார் 70 லிட்டர், ஆனால் சர்க்கரை ஒரு கிலோகூட வராது. சர்க்கரையை எல்லாம் எடுத்துவிட்டு, இனிமேல் படிகமாகாது என்ற நிலையில் மிஞ்சும் கருப்புப் பாகில், அதாவது மொலாசஸில் எடுத்தால் டன் கரும்புக்குப் பத்து லிட்டர் சொச்சம். நடுவில் ஒரு வழி உண்டு: சர்க்கரையைக் கொஞ்சம் விட்டுவைத்து இரண்டாம் கட்டப் பாகை வடிப்பாலைக்கு அனுப்புவது. ஆலைகளில் பி-ஹெவி, சி-ஹெவி என்று சொல்வது இந்த இரண்டு பாகுகளைத்தான்.

2023இல் மழை பொய்த்துச் சர்க்கரை விலை ஏறும் என்று பயந்ததும், டிசம்பர் 7ஆம் தேதி ஒரே உத்தரவில் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதை அந்தப் பருவத்துக்கு மத்திய அரசு தடுத்தது. கடன் வாங்கி வடிப்பாலை கட்டியவர்கள் திகைத்துப் போனார்கள். அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் மக்காச்சோளம்.

மக்காச்சோளம் கோழிக்கா, காருக்கா?

எங்கள் வீட்டில் இதைக் கேட்டால் இரண்டு பதில் வரும். என் தகப்பனார், "விலை ஏறிச்சா இல்லையா, அதைச் சொல்லு" என்பார். மச்சான் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். நாமக்கல் வட்டாரத்தில் நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை விழுவது அதை நம்பித்தான். 2024 ஜனவரியில் மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டருக்கு 5.79 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்ததும், வடிப்பாலைகள் வடக்கே மண்டிகளில் வந்து நின்றன. பல வருடமாக மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு அந்த வருடமே இறக்குமதி செய்தது, மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும். கோழிப்பண்ணைக்காரர்கள் வரியில்லாமல் இறக்குமதி செய்ய விடுங்கள் என்று மனு மேல் மனு கொடுத்தார்கள்.

ஒரு டன் தானியம் சுமார் 380 லிட்டர் எத்தனால் கொடுக்கும். எடையில் பார்த்தால் தானியம் ஏறக்குறைய மூன்றாகப் பிரிகிறது: ஒரு பங்கு எத்தனால், ஒரு பங்கு கரியமில வாயு, ஒரு பங்கு புண்ணாக்கு மாதிரி ஒரு சக்கை. மாவுச்சத்து போய்விடுவதால் சக்கையில் புரதம் கூடியிருக்கும். டி.டி.ஜி.எஸ். என்று விற்கிறார்கள். விலை மலிவு என்பதால் தீவன ஆலைகள் அதை வாங்க, சோயா புண்ணாக்கு விலை சரிந்தது. மத்தியப் பிரதேசத்தில் சோயா போட்டவருக்கு இதனால் நட்டம். காருக்கு ஊற்றிய எத்தனால் யார் யார் பையைத் தொடுகிறது பாருங்கள். ஈரமான தானியத்திலிருந்து வந்த சக்கையில் பூஞ்சை நஞ்சு இருக்கும் அபாயமும் உண்டு. மச்சான் அதைச் சோதிக்காமல் மூட்டை இறக்க விடமாட்டார்.

அமெரிக்காவில் விளையும் மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் எத்தனால் ஆலைக்குப் போகிறது. அங்கே விளைச்சல் ஹெக்டேருக்குப் பத்து டன்னுக்கு மேல். இந்தியச் சராசரி அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

தண்ணீர்க் கணக்கு?

ஒரு லிட்டர் கரும்பு எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணீர் என்று நிதி ஆயோக்கே எழுதியிருக்கிறது. ஒரு ஸ்கூட்டர் டேங்க்கில் ஐந்து லிட்டர் இ20 போட்டால் அதில் ஒரு லிட்டர் எத்தனால். அதற்கு நாலு சின்டெக்ஸ் டேங்க் தண்ணீர் பாய்ந்திருக்கிறது, ஒன்று 700 லிட்டர் என்று வைத்தால். மக்காச்சோளத்துக்கு இவ்வளவு வேண்டாம். எங்கள் பக்கம் மானாவாரியிலேயே வருகிறது.

பிரேசில் மட்டும் எப்படிச் சாதித்தது?

மழை, நிலம், பிடிவாதம். 1973இல் எண்ணெய் விலை ஏறியதும், 1975 நவம்பரில் 'ப்ரோஆல்கூல்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். 1979இல் முழு எத்தனாலில் ஓடும் ஃபியட் 147 வந்தது. எண்பதுகளின் நடுவில் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது எத்தனால் கார். அப்புறம் என்ன ஆயிற்று தெரியுமா? உலகச் சந்தையில் சர்க்கரை விலை ஏறியதும் ஆலைகள் சர்க்கரைக்குத் திரும்பிவிட்டன. 1989-90இல் எத்தனால் பங்க்குகளில் வரிசை நின்றது. ஜனங்கள் எத்தனால் காரையே வெறுத்தார்கள். அதைச் சரிசெய்தது 2003இல் வந்த ஃப்ளெக்ஸ் எஞ்சின்தான். எந்த விகிதத்தில் கலந்து ஊற்றினாலும் ஓடும். அங்கே பங்க்கில் எத்தனால் தனி, பெட்ரோல் தனி. ஓட்டுநர் அன்றைய விலையைப் பார்த்து, எத்தனால் பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதைப் போடுவார். 2025 ஆகஸ்டில் பெட்ரோலில் கலப்பையும் 30 சதவீதமாக்கிவிட்டார்கள். நமக்கு அந்தத் தேர்வு இல்லை. விலையும் ஒன்று, குழாயும் ஒன்று.

பயோடீசலுக்கென்று நடச் சொன்ன காட்டாமணக்கு என்ன ஆயிற்று?

இதைக் கேட்காதீர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. 2002 டிசம்பர் 31 அன்று டெல்லி-அமிர்தசரஸ் சதாப்தி ரயிலை 5 சதவீதப் பயோடீசல் கலந்து ஓட்டிக் காட்டினார்கள். அடுத்த வருடம் திட்டக் குழுவின் அறிக்கை ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் காட்டாமணக்கு நட்டால் 2011-12க்குள் டீசலில் 20 சதவீதம் கலக்கலாம் என்றது. தமிழ்நாட்டிலும் மானியம், நாற்று, பிரசாரம். தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், ஆடு மேயாது, தரிசில் தானே வளரும் என்றார்கள்.

வளர்ந்தது, காய்க்கவில்லை. வேலியில் நிற்கும் செடி சாகாமல் இருப்பதற்கும், எண்ணெய்க்கு ஆகும்படி காய்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதே! காய்க்க வைக்கத் தண்ணீர் விட வேண்டியிருந்தது. தண்ணீர் விடுவதென்றால் நிலக்கடலையே போட்டிருக்கலாம். எங்கள் ஊரில் ஒருவர் மூன்று ஏக்கரில் நட்டு, மூன்று வருடம் காத்திருந்து, கிடைத்த நாலு மூட்டை வித்தை வாங்க ஆளில்லாமல் திண்ணையில் வைத்திருந்தார். அப்புறம் ஜே.சி.பி. வைத்துத் தோண்டியெடுத்தார். இன்றும் இந்தியாவில் பயோடீசல் கலப்பு ஒரு சதவீதத்தைத் தொடவில்லை. 2030க்கு வைத்த இலக்கு 5. எதிர்ப்பக்கம் இந்தோனேசியா 2025இல் 40 சதவீதத்துக்குப் போய்விட்டது. அது பாமாயில், அதற்காக அழிந்த காடு வேறு கதை.

சமையல் எண்ணெயை நேராக டீசல் எஞ்சினில் ஊற்றலாமா?

ஓடும், கொஞ்ச நாள். 1900இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது உண்மைதான். ஆனால் எண்ணெய் டீசலைவிடப் பல மடங்கு கெட்டி. இன்றைய எஞ்சினின் ஊசித் துளையில் சரியாகத் தெளிக்காது, கரி படியும், பிஸ்டன் வளையம் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் மெத்தனாலும் காஸ்டிக் சோடா மாதிரி ஒரு காரமும் சேர்த்து எண்ணெயை உடைத்து கிளிசரினைப் பிரித்தெடுக்கிறார்கள். நூறு கிலோ எண்ணெயில் சுமார் நூறு கிலோ பயோடீசலும் பத்து கிலோ கிளிசரினும் வரும்.

இதற்கு நல்ல மூலப்பொருள் பலகாரக் கடையில் திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய்தான். 2018லிருந்து உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைச் சேகரித்துப் பயோடீசலுக்கு அனுப்பும் திட்டம் வைத்திருக்கிறது. பஜ்ஜிக் கடையிலிருந்து தெருவோரத் தள்ளுவண்டிக்கு மறுவிற்பனையாகி நம் வயிற்றுக்குள் போவதற்கு, லாரிக்குள் போகட்டும்.

சாண எரிவாயுவில் கார் ஓட எத்தனை மாடு வேண்டும்?

எனக்குப் பிடித்த கேள்வி. ஒரு கிலோ பச்சைச் சாணத்தில் சுமார் 40 லிட்டர் வாயு. அதில் 55-60 சதவீதம்தான் மீத்தேன், மீதியில் பெரும்பங்கு கரியமில வாயு. சுத்தம் செய்து ஒரு கிலோ சி.பி.ஜி. சேர 65 கிலோ சாணம் வேண்டும். நாட்டு மாடு ஒன்று நாளைக்குப் பத்து கிலோ போடும். ஆக ஆறேழு மாடு ஒரு நாள் முழுக்கப் போட்டால் ஒரு கிலோ. அதில் சிறிய கார் 25 கிலோமீட்டர் ஓடும்: ராசிபுரத்திலிருந்து சேலம் போய்ச் சேரலாம். திரும்பி வர மறுநாள் வரை காத்திருக்க வேண்டும்.

வீட்டு கோபர் கேஸைச் சிலிண்டரில் அடைத்துக்கொள்ளலாமா?

வேண்டவே வேண்டாம். அடுப்புக்கு வரும் வாயுவில் ஈரமும், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் எஞ்சினையும் சிலிண்டரையும் அமிலம் போல அரிக்கும். வண்டிச் சிலிண்டரில் அழுத்தம் 200 பார். டயர் காற்றைப் போல நூறு மடங்கு. துணி துவைக்கும் கல்லில் வைத்து முயல்கிற வேலை அல்ல இது. அடுப்பில் எரியுங்கள், அதுவே பெரிய லாபம்.

தமிழ்நாட்டில் இது எங்காவது நடக்கிறதா?

எங்கள் மாவட்டத்திலேயே நடக்கிறது. புதுச்சத்திரத்தில் இந்தியன் ஆயிலின் சி.பி.ஜி. ஆலை இருக்கிறது. 'இண்டிகிரீன்' என்ற பெயரில் இந்த வாயு பங்க்கிலும் கிடைக்கிறது. இங்கே கொட்டிக் கிடப்பது கோழி எரு. ஆனால் அதை மட்டும் போட்டால் நைட்ரஜன் அதிகமாகி, அமோனியா பெருகி, வாயு தரும் நுண்ணுயிரிகளே செத்துவிடும். கரும்பாலையில் சாற்றை வடிகட்டும்போது மிஞ்சும் சேறான பிரஸ்மட் மாதிரி ஒன்றைச் சேர்த்தால்தான் சமநிலை வரும்.

நாடு முழுக்கப் பார்த்தால் கதை மந்தம். 2018 அக்டோபர் 1 அன்று தொடங்கிய 'சதத்' திட்டம், 2023க்குள் 5,000 ஆலை, வருடம் 1.5 கோடி டன் என்றது. 2025 வரை ஓடத் தொடங்கியவை நூற்றுச் சொச்சம். காரணம் வாயு எடுப்பதில் இல்லை, சரக்குச் சேர்ப்பதில் இருக்கிறது. ஆலை வரும்வரை "எடுத்துட்டுப் போனாப் போதும்" என்ற பிரஸ்மட்டுக்கு, ஆலை வந்ததும் விலை. கழிவுக்கு விலை வந்துவிட்டால் திட்ட அறிக்கையில் போட்ட லாபம் காணாமல் போகும். அடியில் வெளிவரும் கரைசல் எருவை விற்பதும் கஷ்டம். டன்னுக்கு 1,500 ரூபாய் உதவித்தொகை கொடுத்தும் யூரியா பழகிய கைகள் தயங்குகின்றன. 2025-26லிருந்து நகர எரிவாயு நிறுவனங்கள் 1 சதவீதம் சி.பி.ஜி. கலந்தே ஆக வேண்டும், 2028-29க்குள் 5 சதவீதம் என்று கட்டாயமாக்கியிருக்கிறார்கள். இதில் கொஞ்சம் வேகம் வரலாம்.

வெளிநாட்டில்?

ஸ்வீடனின் லின்ஷோப்பிங் நகரத்தில் பேருந்துகள் இந்த வாயுவில் ஓடுகின்றன. 2005இல் ஒரு ரயிலையே விட்டார்கள். அவர்கள் போட்டது இறைச்சிக்கூடக் கழிவும் உணவுக் கழிவும். ஜெர்மனியில் வேறு வழி: வாயுவுக்கென்றே மக்காச்சோளம் விளைவித்தார்கள், பெரும்பாலும் மின்சாரத்துக்கு. மானியம் நன்றாக இருந்ததால் பார்க்கும் இடமெல்லாம் மக்காச்சோளம், குத்தகை உயர்ந்தது, மாடு வளர்ப்போர் நிலம் கிடைக்காமல் தவித்தார்கள். 2012இல் ஒரு ஆலை போடும் சரக்கில் மக்காச்சோளமும் தானியமும் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு போட வேண்டியதாயிற்று.

வைக்கோலில் செய்தால் என்ன?

பஞ்சாபில் சரி. அங்கே அதை வயலிலேயே கொளுத்திவிடுகிறார்கள். சங்ரூர் மாவட்டம் லெஹ்ராகாகாவில் 2022இல் திறந்த ஆலை நாளைக்கு 300 டன் வைக்கோலை 33 டன் வாயுவாக்கும் திறன் கொண்டது. பானிபட்டில் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலையும் அதே வருடம் வந்தது. டெல்டாவில் நிலைமை வேறு. அறுவடை முடிந்ததும் உருளை உருளையாகக் கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள், கேரளம் வரைக்கும் போகிறது. மாடு தின்னும் பொருளுக்கு எரிபொருள் ஆலை போட்டி போட்டால் பால் விலையில்தான் தெரியும்.

ஒரே ஏக்கரில் எது வண்டியை அதிக தூரம் ஓட்டும்?

ஏக்கருக்கு 40 டன் கரும்பு, முழுச் சாறும் எத்தனால் என்றால் 2,800 லிட்டர். பெட்ரோலுக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார் எத்தனாலுக்குப் பத்து கொடுக்கும். வருடத்துக்கு 28,000 கிலோமீட்டர். மக்காச்சோளம் ஒரு போகம் மூன்று டன் என்றால் 11,000 சொச்சம். அதே ஏக்கரில் சூரியத் தகடு வைத்தால் நம் வெயிலுக்கு வருடம் நாலு லட்சம் யூனிட் போல வரும். மின்சாரக் கார் யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் ஓடினால் 24 லட்சம் கிலோமீட்டர்.

எழுத்துப்பிழை இல்லை, எண்பது மடங்குக்கு மேல்தான். முதலீடு எக்கச்சக்கம், ராத்திரிக்குப் பேட்டரி வேண்டும், லாரியும் டிராக்டரும் சீக்கிரம் மாறாது என்பதெல்லாம் சரி. கரும்புச் சக்கையில் மின்சாரமும் கிடைக்கிறது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எரிபொருளுக்கென்றே நல்ல நிலத்தை ஒதுக்கச் சொன்னால் இந்தக் கணக்கு என் முன்னால் வந்து நிற்கும். மொலாசஸ், பிரஸ்மட், கோழி எரு, பழைய எண்ணெய் இவற்றுக்குத் தனியாக ஒரு சென்ட் நிலம்கூட வேண்டாம். அவற்றில் வருவதை ஒரு சொட்டும் விடாமல் எடுக்கலாம்.

கரியமில வாயு குறைகிறதா?

குறைகிறது, போஸ்டரில் போடும் அளவுக்கு அல்ல. செடி உறிஞ்சியதைத்தான் எஞ்சின் விடுகிறது என்பது உண்மை. ஆனால் யூரியா போட்ட வயலிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு கரியமில வாயுவைப் போல 270 மடங்கு சூடேற்றும். சாண எரிவாயு ஆலையில் மூடி சரியில்லாமல் மீத்தேன் கசிந்தாலும் அப்படித்தான், அது சுமார் 28 மடங்கு.

எரிவாயு ஆலைக்கென்று சூப்பர் நேப்பியர் என்ற தீவனப் புல்லைப் போடச் சொல்லி ஒப்பந்தத்துடன் வருகிறார்களே, கையெழுத்துப் போடலாமா?

முதலில் ஆலை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். "வரப்போகிறது" என்றால் வந்த பிறகு வாருங்கள் என்று சொல்லுங்கள். இருந்தால் எத்தனை கிலோமீட்டர்? பச்சைப் புல்லில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். ஐம்பது கிலோமீட்டர் ஏற்றிப் போனால் தண்ணீருக்குத்தான் வாடகை கொடுப்பீர்கள். எடை யாருடைய மேடையில் போடுவது, ஈரத்துக்குக் கழிவு பிடிப்பார்களா, வெட்டுக்கூலி யார் தலையில், பணம் எத்தனை நாளில் என்று எழுத்தில் வாங்குங்கள். கரணைக்கும் பதிவுக்கும் முன்பணம் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

இத்தனையும் சரியாக இருந்தால் அரை ஏக்கர் போட்டுப் பாருங்கள். ஆலைக்காரர் வராமல் போனாலும் நேப்பியரை மாடு தின்னும். காட்டாமணக்கை ஆடுகூடத் தொடவில்லை.